தண்ணியத் தள்ற வேலை: சிங்கப்பூர் நீச்சல் குளங்களும் ஒரு பிரஷ்ஷின் வரலாறும்

என் தாத்தாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சட்டை போடும்போது முதலில் வலது கையை நுழைத்துவிட்டு, பிறகு இடது கையால் சட்டையை முதுகுப் பக்கமாகச் சுற்றி இழுத்துக்கொள்வார். சின்ன வயதில் அதை அவருடைய ஸ்டைல் என்று நினைத்து நானும் அப்படியே போட்டுப் பழகினேன். "ஏன் தாத்தா கையத் தூக்க மாட்டேங்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் சொன்ன பதில் ரொம்ப நாள் எனக்குப் புரியவேயில்லை.

"தண்ணியத் தள்ளித் தள்ளிப் போச்சுடா."

தாத்தா 1950-களில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். நாள்கூலியாகப் பல இடங்களில் வேலை பார்த்திருக்கிறார். புல் வெட்டியிருக்கிறார், சாக்கடை வாரியிருக்கிறார். கடைசிப் பதினோரு வருடம் ஒரு பொது நீச்சல் குளத்தில். நீளமான கம்பின் முனையில் பிரஷ்ஷை மாட்டி, கரையில் நின்றபடி குளத்துச் சுவரைத் தேய்ப்பது அவருடைய காலை வேலை. அவருக்கு நீச்சல் தெரியாது.

நான் வளர்ந்தது குவீன்ஸ்டவுனில். ஸ்டர்லிங் சாலை நீச்சல் குளத்தில்தான் நீந்தக் கற்றுக்கொண்டேன். தாத்தா வெளியே படியில் உட்கார்ந்து தமிழ் முரசு படித்துக்கொண்டிருப்பார். நான் தலை துவட்டிக்கொண்டு வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சொவரு வழவழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?" என்பதுதான். எத்தனை சுற்று நீந்தினேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வழவழவென்று இருந்தால் பாசி. சொரசொரவென்று இருந்தால் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு நான் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, பம்ப்புகளோடும் குழாய்களோடும் வேலை செய்பவன் ஆனேன். வரலாறு எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் தாத்தா சொன்ன அந்த ஒரு வரி ஒரு பொறியியல் வாக்கியம் என்பது படித்த பிறகுதான் உறைத்தது. அவர் சுவரைத் தேய்த்துத் தோள் போனதாகச் சொல்லவில்லை. தண்ணீரைத் தள்ளிப் போனதாகச் சொன்னார். இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது.

*

சிங்கப்பூரின் நீச்சல் வரலாற்றில் நமக்குத் தெரிந்த எண்கள் நிறைய. 1951இல் புதுடெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நியோ சுவீ கோக் வாங்கிய தங்கங்கள் 4. தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் பேட்ரிசியா சான் குவித்த தங்கங்கள் 39. 2016இல் ரியோவில் ஜோசஃப் ஸ்கூலிங்கின் நேரம் 50.39 வினாடி. கடைசி எண்ணை என் அலுவலகத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பழைய செய்தித்தாள்களில் நீச்சல் குளம் என்று தேடினால் திறப்பு விழாக்கள், பதக்கங்கள், நுழைவுக் கட்டணம், மூழ்கியவர்கள் என்று வந்துகொண்டே இருக்கும். சுவர் தேய்த்தவர்கள் அந்தப் பக்கங்களில் அரிது. அவர்கள் கையிலிருந்த பிரஷ் அதைவிட அரிது.

ஆனால் குளங்களின் கதையையே கொஞ்சம் குனிந்து, சுவரின் பக்கமிருந்து பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

இந்த ஊரில் நீச்சல் முதலில் மன்றங்களின் விஷயம். 1894இல் தொடங்கிய சிங்கப்பூர் நீச்சல் மன்றம் ஐரோப்பியர்களுக்கானது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சீனர்கள் தங்களுக்கென்று ஒரு மன்றம் அமைத்துக்கொண்டார்கள். எல்லோருக்குமான முதல் பொதுக் குளம் 1931 ஜனவரியில்தான் திறந்தது. அது மவுண்ட் எமிலியில். லிட்டில் இந்தியாவிலிருந்து செலிகி சாலைப் பக்கமாக நடந்து மேடேறினால் இன்றைக்கு அங்கே பூங்கா இருக்கிறது.

மவுண்ட் எமிலி குளம் புதிதாகத் தோண்டிய குளம் இல்லை. 1878இல் ஊருக்குக் குடிநீர் வழங்கக் கட்டிய நீர்த்தேக்கத் தொட்டி அது. ஃபோர்ட் கேனிங் குன்றின்மேல் பெரிய தொட்டி வந்தபிறகு இதற்கு வேலையில்லாமல் போயிற்று. சும்மா கிடந்த தொட்டியைக் குளமாக மாற்றினார்கள். இரண்டாவது பொதுக் குளமான யான் கிட், 1952இல் தஞ்சோங் பகாரில் வந்தது. அதுவும் பயன்பாட்டிலிருந்து விலக்கிய நீர்த்தொட்டிகள் இருந்த இடத்தில்தான். மூன்றாவது, சிராங்கூன் சாலைக்காரர்கள் மறக்க முடியாத ஃபேரர் பார்க் குளம், 1957. மூன்றுமே இப்போது இல்லை. மவுண்ட் எமிலி 1981இலும், யான் கிட் 2001இலும், ஃபேரர் பார்க் 2003இலும் மூடப்பட்டன.

அதாவது, இந்த ஊரின் முதல் இரண்டு பொதுக் குளங்களும் தண்ணீர்த்தொட்டிகளின் மறுபிறவி. இது தற்செயல் மாதிரித் தெரியும். ஆனால் உலகம் முழுக்கவே குளம் துலக்கும் கருவிகளின் மூதாதைகள் நீர்த்தொட்டி துலக்கும் கருவிகள்தான். தொட்டிக்கும் குளத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குடிநீர்த் தொட்டிக்குள் யாரும் இறங்குவதில்லை. குளத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள். வியர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், தோல் செதில், சிறுநீர் (ஆமாம், அதுவும்தான்) எல்லாம் சேர்கிறது. மேலே வெயில். சிங்கப்பூர்க் குளத்துத் தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. பாசிக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

*

ஒரு காலத்தில் இதற்குத் தீர்வு ரொம்ப எளிமையாக இருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு, வெறும் தொட்டிக்குள் இறங்கி, துடைப்பத்தால் தேய்த்துவிட்டு, மறுபடி நிரப்பு. பிரிட்டனின் பழைய பொதுக் குளியல் நிலையங்களில் இப்படித்தான் நடந்தது. புதுத் தண்ணீர் நிரப்பிய நாளில் கட்டணம் அதிகம், நாளாக ஆக அழுக்கேற ஏறக் கட்டணம் குறையும். ஏழைகள் கடைசி நாள் தண்ணீரில் குளித்தார்கள்.

பிறகு வடிகட்டிகளும் குளோரினும் வந்தன. 1910 வாக்கில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகக் குளத்தில் குளோரின் சேர்த்தது இதன் தொடக்கங்களில் ஒன்று. அதன்பின் ஒரே தண்ணீரை வடிகட்டி, மருந்து போட்டு, திரும்பத் திரும்பச் சுற்றவிட முடிந்தது. குளத்தை மாதக்கணக்கில் காலி செய்யத் தேவையில்லை.

எல்லா நூல்களும் இதைப் பொதுச் சுகாதாரத்தின் வெற்றி என்று சொல்லும். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் துடைப்பம் பிடித்தவன் பக்கமிருந்து பாருங்கள். அதுவரை அவன் காய்ந்த தொட்டிக்குள் இறங்கி, சுவருக்கு நேரெதிரே நின்று, மொத்த உடம்பின் பலத்தையும் கொடுத்துத் தேய்த்தான். இப்போது குளத்தில் எப்போதும் தண்ணீர். அவன் கரையில் நின்றாக வேண்டும். அவனுக்கும் சுவருக்கும் நடுவில் நாலரை மீட்டர் வரை நீளும் ஒரு கம்பு. துடைப்பம் தண்ணீருக்குள் இறங்கிய அந்தக் கணத்தில்தான் தாத்தாவின் தோள்வலி தொடங்கியது என்று நினைக்கிறேன், அவர் பிறப்பதற்கு முன்பே.

குளோரின்தான் இருக்கிறதே, பிறகு எதற்குத் தேய்க்க வேண்டும்? நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன். இதற்குப் பதில் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது.

ஒன்று, 1904இல் லுட்விக் பிராண்டில் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஹைடல்பெர்க்கில் படித்த ஒரு சின்னக் கட்டுரை. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சுவரை ஒட்டியிருக்கும் மெல்லிய அடுக்கு ஏறக்குறைய நகராமல் நிற்கும் என்று அதில் சொன்னார். எல்லைப் படலம் என்று நாங்கள் படிப்பது அதைத்தான். கையால் சுற்றும் சக்கரம் வைத்த ஒரு தண்ணீர்த் தொட்டியில் மைக்காத் துகள்களைத் தூவி அவர் இதைப் பார்த்தார். விமானம் பறப்பது வரை எல்லாவற்றுக்கும் இந்தப் படலம் முக்கியம். எங்கள் வகுப்பிலும் விமான இறக்கையைத்தான் வரைந்தார்கள். குளத்துச் சுவரை யாரும் வரையவில்லை. ஆனால் விஷயம் அதேதான். பம்ப் எவ்வளவு சுற்றிவிட்டாலும் குளோரின் கலந்த தண்ணீர் சுவர் ஓரத்தில், மூலைகளில், ஏணிக்குப் பின்னால் சோம்பேறியாகத்தான் நகரும்.

இரண்டாவது, அந்தச் சோம்பேறி அடுக்கில் குடியேறும் நுண்ணுயிர்கள். அவை தங்களைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு போர்வையைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. 1978இல் பில் காஸ்டர்டனும் அவருடைய சகாக்களும் இந்த வாழ்க்கைமுறையை விரிவாக எழுதியபிறகு உயிர்ப்படலம் என்ற சொல் அறிவியலில் நிலைத்தது. மேலே இருக்கும் பசை குளோரினைத் தின்றுவிடும். உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும். போர்வையைக் கிழித்தால்தான் மருந்து உள்ளே போகும். கிழிக்க ஒரே வழி தேய்ப்பு.

தாத்தாவின் 'வழவழ'தான் காஸ்டர்டனின் உயிர்ப்படலம். இரண்டு பேருமே தொட்டுப் பார்த்தவர்கள்.

*

இனி பிரஷ்.

குச்சி, நார், மயிர் இந்த மூன்றும்தான் மனிதன் எதையும் தேய்த்துத் துலக்கப் பயன்படுத்திய பொருள்கள். நம் வீடுகளில் தென்னை ஈர்க்கு விளக்குமாறு, பாத்திரம் துலக்கத் தேங்காய் நார். மலாயில் சாப்பு லீடி என்று சொல்வதும் அதே ஈர்க்கு விளக்குமாறுதான். மேற்கில் பன்றி மயிர். எல்லாவற்றுக்கும் ஒரே பிரச்சினை: தண்ணீரில் ஊறினால் தளர்ந்துவிடும், அழுகும். 1938இல் டூபான்ட் நிறுவனத்தின் நைலான் இழைகள் பல் துலக்கும் பிரஷ்ஷில் முதல்முதலாக விற்பனைக்கு வந்தன. போர் முடிந்தபிறகு நைலான் எல்லா பிரஷ்ஷுக்குள்ளும் புகுந்தது. தண்ணீரில் ஊறினாலும் அழுகாத, கையடக்க விலையில் கிடைத்த இழை. குளத்துப் பிரஷ்ஷுக்கு இன்றுவரை அதுதான். சிமெண்ட் பூச்சில் பிடிவாதமாக ஒட்டிய பாசிக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இழை. ஓடு பதித்த குளத்தில் அதை வைத்தால் கீறிவிடும், அங்கே நைலான் மட்டுமே.

அடுத்தது கம்பு. மரக்கழி போய் அலுமினியக் குழாய் வந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் குழாய். கனம் குறைந்தது, நீளம் கூடியது. பிரஷ்ஷின் அகலம் 18 அங்குலம், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர் என்பது எழுதாத சட்டம்போல நிலைத்துவிட்டது. ஓரங்கள் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், மூலைகளுக்காக. அவ்வளவுதான். இந்த வடிவம் பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. எந்தப் பழைய படத்தைப் பார்த்தாலும் அதே கம்பு, அதே பிரஷ், அதே குனிந்த முதுகு.

இந்த வடிவத்தில் என்ன கோளாறு? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரையில் நின்று, கைகளைத் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் நீட்டிக் கம்பைப் பிடிக்கிறோம். கை சுவரிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, பிரஷ் கைக்குச் சுமார் 2.8 மீட்டர் கீழே சுவரில் இருக்கிறது. கம்பு சுவரோடு ஏறக்குறைய ஒட்டிப் போகிறது, சாய்வு 6 பாகைதான். இந்தச் சாய்வில் 10 கிலோ அழுத்தித் தள்ளினால் சுவரின்மேல் விழுவது 1 கிலோ. மீதி எல்லாம் பிரஷ்ஷைக் கீழே நகர்த்தவும் அதன் முன்னால் நிற்கும் தண்ணீரை விலக்கவும் போகிறது. மேலே இழுக்கும்போது இன்னும் மோசம், பிரஷ் சுவரைவிட்டு விலகி மிதந்து வரும். கீழே இறங்கும் பாதி மட்டும்தான் வேலை. ஏறும் பாதி வீண்.

50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் உள்ள குளத்துக்குச் சுற்றளவு 150 மீட்டர். ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி 30 சென்டிமீட்டருக்கு ஒரு தேய்ப்பு என்றால் 500 தேய்ப்பு. ஒவ்வொன்றும் 10 கிலோ. மொத்தம் 5,000 கிலோ தள்ளுகிறான் ஒருவன், அதில் சுவருக்குப் போய்ச் சேர்வது 500. மிச்சம் 4,500 கிலோ? தாத்தா சொன்னதுதான். தண்ணியத் தள்ளியது.

*

இயந்திரம் வரவில்லையா என்றால், வந்தது. 1974இல் தென்னாப்பிரிக்காவில் ஃபெர்டினாண்ட் ஷோவியே என்பவர் கிரீப்பி க்ராலி என்ற கருவியை உருவாக்கினார். வடிகட்டியின் உறிஞ்சும் விசையிலேயே குளத்தின் தரையில் ஊர்ந்து அழுக்கை இழுக்கும் கருவி. உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அது முதன்மையாக வீட்டுக் குளங்களுக்கானது. அன்றைய தென்னாப்பிரிக்காவில் வீட்டில் குளம் வைத்திருந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. பொதுக் குளங்களையும் கடற்கரைகளையும்கூட இனவாரியாகப் பிரித்து வைக்க 1953இலேயே சட்டம் போட்ட நாடு அது. குளத்தின் சொந்தக்காரருக்கு அலுப்பு வந்தபோது இயந்திரம் பிறந்தது. கம்பு பிடித்தவரின் தோள் வலித்தபோது என்ன பிறந்தது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் மறுபடி சிங்கப்பூருக்கு வருகிறேன்.

நகராட்சிக் காலத்திலிருந்தே இங்கு சாலை போட, சாக்கடை வார, குப்பை அள்ள இருந்த கூலிக்காரர்களில் பெரும்பங்கு தென்னிந்தியர்கள், குறிப்பாகத் தமிழர்கள். அவர்களுக்குச் சங்கங்கள் இருந்தன, வேலைநிறுத்தங்கள் இருந்தன. 1967 பிப்ரவரி 1ஆம் தேதி, வேலைமுறையை மாற்றியமைத்ததை எதிர்த்து, நாள்கூலித் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 2,400 பேர் வேலைக்குப் போகவில்லை. கே. சுப்பையா தலைமையிலான சங்கம் அது. அரசு உடனே முடிவெடுத்தது. தலைவர்கள் கைதானார்கள். வேலைக்கு வராதவர்கள் தாங்களாகவே வேலையைவிட்டு விலகியவர்கள், வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. பெரும்பாலானவர்கள் விண்ணப்பித்தார்கள். சங்கத்தின் பதிவு பின்னர் ரத்தானது. சிங்கப்பூரின் தொழிலாளர் வரலாற்றில் இது ஒரு திருப்பம் என்று லீ குவான் இயூ தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு, 1968 அக்டோபர் 1ஆம் தேதி, 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' இயக்கத்தை அவர் தொடங்கிவைத்தார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1970இல், ஸ்டர்லிங் சாலையில் எங்கள் குளம் வந்தது. வீவக கட்டியது. குவீன்ஸ்டவுன் இந்த நாட்டின் முதல் துணைநகரம். 1953இல் எலிசபெத் அரசியார் முடிசூடியதையொட்டி வந்த பெயர். அதே 1970இல் மார்கரெட் டிரைவில் முதல் முழுநேரக் கிளை நூலகமும் திறந்தது. அடுக்குமாடி வீட்டுக்காரன் மகன் நடந்துபோய் நூலகத்தில் படிக்கலாம், 50 மீட்டர் குளத்தில் நீந்தலாம் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம்! இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. என்னைப் படிக்கவைத்ததும் நீந்தவைத்ததும் அந்த இரண்டும்தான்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்: 1967, 1968, 1970. வேலைநிறுத்தம், தூய்மை இயக்கம், குளம். தூய்மைக்கு ஒரு தேசிய நாள் கிடைத்தது. தூய்மைசெய்பவன் தன் வேலைமுறையைப் பற்றிக் குரலெழுப்பும் இடம் அதற்கு முன்பே சுருங்கிவிட்டிருந்தது. கருவி மேம்பட வேண்டுமென்றால் கருவி பிடிப்பவன் "இது வலிக்குது" என்று சொல்லி, அதை யாராவது குறித்துக்கொள்ள வேண்டும். பிரஷ் பல பத்தாண்டு மாறாமல் இருந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிராண்டில் 1904இலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். நைலான் இருந்தது. அலுமினியம் இருந்தது.

தாத்தா 1967இல் வேறு வேலையில் இருந்தார். அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார். கேட்டால் எழுந்து முனீஸ்வரன் கோயிலுக்குப் போய்விடுவார். அந்தக் கோயிலும் ஒரு தொழிலாளர் வரலாறுதான். தண்டவாளத்தோரம் ரயில்வேத் தமிழர்கள் கும்பிடத் தொடங்கிய சாமி, இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறது. ரயில் 2011இல் நின்றுவிட்டது. சாமி இருக்கிறார்.

*

அண்மைய ஆண்டுகளில் ஒரு புதுவகைப் பிரஷ் சந்தைக்கு வந்திருக்கிறது. பிரஷ்ஷின் முதுகில் சாய்வாக ஒரு தகடு, இறக்கை மாதிரி. கீழே தள்ளும்போது எதிரே வரும் தண்ணீரை அந்தத் தகடு சுவருக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிடுகிறது. எதிர்வினையாகத் தண்ணீர் பிரஷ்ஷைச் சுவரோடு அழுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அதன் இருமடிக்கு ஏற்ப அழுத்தம் கூடும். வீணாகப் போன அந்த 4,500 கிலோவில் ஒரு பங்கை வேலைக்கு இழுத்துவிடுகிறது. இதை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணம் வேறு.

தாத்தா ஒரு கதை சொல்வார். வேலை செய்த குளத்தில் அவர் ஒருநாள் மைலோ டின்னை வெட்டித் தட்டி, அந்தத் தகரத்தைப் பிரஷ்ஷின் முதுகில் சாய்வாகக் கட்டிப் பார்த்தாராம். "தண்ணியே சொவரோட அமுக்குச்சுடா. நான் சும்மா தள்ளுனாப் போதும்" என்பார். மூன்று நாள்தான். நாலாம் நாள் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். "தகரம் கழண்டு விழுந்து புள்ளைங்க காலக் கிழிச்சா நீ பதில் சொல்லுவியா?" என்று கேட்டுப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன், மேற்பார்வையாளர் கேட்டது சரியான கேள்வி. வெட்டிய தகரத்தைக் குழந்தைகள் குளிக்கும் தண்ணீரில் இறக்கக் கூடாது. ஆனால் அதோடு அவர் நிறுத்திக்கொண்டார். தகரத்துக்குப் பதில் வேறெதை வைக்கலாம் என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம். தாத்தாவின் மைலோ டின் என்பது எங்கள் வீட்டில் ஒரு ஜோக்.

அவர் இறந்து ஏழு வருடம் கழித்துத்தான் அது ஜோக் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

போன வருடம் சோதித்துப் பார்த்தேன். என் நண்பன் குடியிருக்கும் கொண்டோவில் குளம் துலக்க வரும் அண்ணன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். முதலில் என்னை சார் என்றார். தாத்தா கதையைச் சொன்னதும் தம்பி ஆனேன். தகரத்துக்குப் பதில் ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி, பிளாஸ்டிக் பட்டையால் பிரஷ்ஷில் கட்டினோம். அவர் இறக்கினார். பிரஷ் சுவரோடு ஒட்டிக்கொண்டு நேராக அடிவரை போனது.

"அட, புடிச்சிழுக்குதே!" என்றார்.

மேலே இழுத்தபோது அவர் முகம் மாறியது. "எறக்கும்போது சொகமா இருக்கு தம்பி, ஏத்தும்போது கொல்லுது." லக்கேஜ் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். வெறும் பிரஷ்ஷைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாய்வுத் தகடு ஏறும்போதும் தண்ணீரை அள்ளும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. படித்தது நான், கண்டுபிடித்தது அவர் தோள். அடுத்த வாரம் மூடியின் ஓரத்தை சைக்கிள் டியூப் துண்டால் பிரஷ்ஷோடு இணைத்து, கதவு மாதிரி ஆடும்படி செய்தேன். இறங்கும்போது விரியும், ஏறும்போது மடங்கும். இந்த முறை இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. இருபது நிமிடத்தில் நீளவாக்குச் சுவர் ஒன்றை முடித்துவிட்டார். நான் பூரித்துப்போய் நின்றேன். பெரிய சாதனை செய்த மாதிரி இதை எங்கே கொண்டுபோகலாம், யாரிடம் காட்டலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டேன்.

அவர் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"தம்பி, நல்லாருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு. இப்ப எனக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கொளம். இத மேல காட்டுனீங்கன்னா ஏழு கொளம் ஆயிரும். தோளு மிச்சமாகும்னு நீங்க நெனக்கிறீங்க. நேரம் மிச்சமாகும்னு அவங்க நெனப்பாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. பொறியியலில் திறன் என்ற சொல்லை நாலு வருடம் படித்தேன். உள்ளே போனதில் எவ்வளவு வெளியே பயனாக வருகிறது என்ற விகிதம். பயன் யாருக்கு என்ற கேள்வி அந்தச் சமன்பாட்டில் கிடையாது. தாத்தா காலத்தில் நல்ல கருவி கிடைக்காதது ஒரு அநீதி என்றால், நல்ல கருவி கிடைத்தால் என்ன ஆகும் என்று ஒருவர் பயப்பட வேண்டியிருப்பது அதன் இன்னொரு முகம். பிரஷ்ஷின் முதுகில் தகடு கட்டுவது சுலபம். மிச்சமாகும் நேரத்தில் பாதியாவது கம்பு பிடித்தவருக்கே என்று ஒரு வரியை எங்கே கட்டுவது?

*

தமிழ்நாட்டில் இதைவிடப் பழைய ஒரு வழக்கம் இருந்தது. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வருகிறது. ஏரியைக் கவனிக்க ஊர் தேர்ந்தெடுத்த குழு. வேறு சில கல்வெட்டுகளில் ஏரியில் தூர் எடுக்கும் ஓடங்களுக்காகக் கொடை கொடுத்த செய்திகள் உண்டு. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தூர் வாரியவர்களின் பெயர் அந்தக் கல்லிலும் இல்லை, கொடுத்தவர் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஏரி வெட்டியதை மட்டுமல்ல, ஏரியைப் பராமரிக்கும் கருவிக்கும் அதற்கான செலவுக்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம்முடைய கல்வெட்டுகளில் திறந்துவைத்தவர் பெயரும் தேதியும் மட்டும்தான். ஒரு குளம் ஒருநாள் திறக்கிறது, பிறகு ஐம்பது வருடம் தேய்க்கப்படுகிறது.

2013இல் குவீன்ஸ்டவுன் நூலகத்துக்குப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற தகுதி கிடைத்தது. நல்ல விஷயம். ஊர்க்காரர்கள் பழைய படங்களையும் பொருள்களையும் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அப்படி யாராவது தேடும்போது, ஒரு பழைய அலுமினியக் கம்பும் பற்கள் தேய்ந்த ஒரு நைலான் பிரஷ்ஷும் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதுகில் கம்பி கட்டிய தழும்பு இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

நான் செய்த மூடியை யாரிடமும் காட்டவில்லை. அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். அது இப்போது கொண்டோவின் பம்ப் அறையில், குளோரின் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறதாம். மேற்பார்வையாளர் வராத நாள்களில் மட்டும் எடுத்து மாட்டுகிறார். வேலை சீக்கிரம் முடிந்தால் நிழலில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிறார். கணக்கில் இன்னும் அஞ்சு குளம்தான்.